முன்சீட்டில் இன்னொரு ஆள்

காரின் பானட்டுக்குள் தலையை விட்டபடி நின்றாள் அவள். வலது கையில் வீல் ஸ்பேனர், இடது கையில் டார்ச். விடிந்தும் விடியாத நேரம். எஞ்சினுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த அந்த உருளை சரியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது இந்தப் பன்னிரண்டு நாளில் அவள் கைக்கு மனப்பாடமாகியிருந்தது.

"சொல்லட்டுமா?"

"சொல்லு." ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்து அவள் புருஷனின் குரல் வந்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

மூன்று என்ற சொல்லோடு ஸ்பேனர் உருளையின் மேல் விழுந்தது. அதே நொடியில் அவன் சாவியைத் திருப்பினான். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. அத்தோடு சரி.

"மெதுவா தட்டுற நீ."

"மெதுவாவா? இதுக்கு மேல தட்டுனா மோட்டார் கீழ ரோட்டுல கிடக்கும். நீங்க திருப்புறதுதான் லேட்டு."

மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. டிக். மறுபடி. டிக். நான்காவது முறை அந்த டிக்கும் வரவில்லை. மாடி வீட்டு ஜன்னல் ஒன்று படாரென்று சாத்திக்கொண்டது. அவன் மணியைப் பார்த்தான். ஐந்து ஐம்பத்தெட்டு. ஆறேகாலுக்கு முதல் ஆள் தெருமுனையில் வந்து நிற்பார். ஏழு மணிக்குக் கம்பெனி கேட். அவன் கால் தானாகக் கிளட்சை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தது.

ஆறாவது தட்டில் எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்தே பிடித்துக்கொண்டான், விட்டால் ஓடிவிடும் என்பதைப் போல. அவள் பானட்டை இறக்கி, கந்தலில் கையைத் துடைத்து, வாசலில் வைத்திருந்த சட்டை மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்து அமுக்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு ஆறு. நேத்து நாலு," என்றாள்.

"எண்ணாத. எண்ணினா எனக்குப் பயமா இருக்கு."

எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் மோட்டார் அது. மெக்கானிக்குகள் வாயில் அதற்குப் பெயர் செல்ஃப். இரண்டு காலை வண்டி கிளம்ப மறுத்த பிறகு, தெருவுக்கு வெளியே ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அதைக் கழற்றிப் பார்த்து, உள்ளேயிருந்த கரித்தூளை விரலில் எடுத்து அவன் சட்டையிலேயே துடைத்தார். ரொம்ப நாள் பழக்கம்.

"கார்பன் சுத்தமா தேஞ்சு போச்சு. அத மாத்தலாம்னா உள்ள காயிலும் கருகியிருக்கு. ரிப்பேர் பண்றதுல அர்த்தமில்ல. புதுசு பதினாலாயிரம். பழச சரிபண்ணி விக்கிறான், அது எட்டாயிரத்து ஐநூறு."

"கொஞ்ச நாள் ஓட்ட முடியாதா?"

"ஓட்டலாம். அது மேல ஒரு தட்டு தட்டினா கார்பன் போய் ஒட்டும், எடுக்கும். ஆனா சாவி திருப்புற அதே நேரத்துல தட்டணும். உனக்கு நாலு கை இருக்கா?"

பக்கத்தில் நின்றிருந்த அவன் மனைவி கையை நீட்டினாள். ஸ்பேனரை வாங்கி, எங்கே தட்டுவது என்று மட்டும் கேட்டாள்.

பதினாலாயிரத்துக்கு வழியில்லாமல் இல்லை. கம்பெனியிடமிருந்து அவனுக்கு இரண்டு மாத வண்டி வாடகை வர வேண்டியிருந்தது. ஊழியர்களை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து, பகல் முழுக்க உள்ளேயே நின்று, மாலையில் கொண்டுபோய் இறக்கும் ஒப்பந்தம். பில் கொடுத்து நாற்பத்தைந்து நாளில் பணம் என்று தாளில் எழுதியிருந்தது. அந்த நாற்பத்தைந்து முடிந்து இன்னும் பத்து நாளும் போயிருந்தது. டிரான்ஸ்போர்ட் ஆபீஸின் கண்ணாடித் துவாரத்தில் குனிந்து அவன் கேட்கும்போதெல்லாம் பில் கிளார்க் ஒரே பதிலைச் சொன்னார்.

"பில் மேல போயிருக்கு."

"சார், செல்ஃப் மோட்டார் போயிடுச்சு. ஒரு மாசத்துது மட்டுமாவது..."

"நான் என்ன என் பையிலயா வெச்சிருக்கேன்? மேல போயிருக்குய்யா. வந்தா நானே சொல்றேன். நீ லேட் மார்க்க பாத்துக்க. ஏற்கெனவே ரெண்டு இருக்கு. மூணாவது விழுந்தா வண்டிய எடுத்துடுவாங்க, அது என் கையில இல்ல."

அந்த இரண்டு மார்க்கும் இந்த மோட்டார் வாங்கிக் கொடுத்தவைதான். முதல் தடவை தெருவில் பால் போடுகிறவரையும் எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டு வண்டியைத் தள்ளி எடுத்தான், பதினெட்டு நிமிடம் தாமதம். இரண்டாவது தடவை தள்ள ஆளே கிடைக்கவில்லை. என்ன கேட்டாலும் 'இதோ அஞ்சு நிமிஷம்' என்பது அவன் பழக்கமாதலால் கேட்டில் அவனுக்கு அஞ்சுநிமிஷம் என்றே பெயர். அன்றைக்கு அவன் சொன்ன அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரமாயிற்று.

அன்று மாலை மெக்கானிக் ஷெட்டிலிருந்து வந்ததும்தான் அவள் சொன்னாள், "நாளையிலேர்ந்து நானும் வர்றேன்."

"கம்பெனி வண்டியில வெளியாள் ஏறக் கூடாது. ரூல் இருக்கு."

"லேட்டா போனா என்ன ரூல்?"

அவளுக்கு வீட்டில் இருந்தபடியே சட்டைக்குப் பட்டன் தைக்கும் வேலை. ஒரு சட்டைக்கு இவ்வளவு என்று கூலி. எங்கே உட்கார்ந்து தைத்தாலும் பட்டன் பட்டன்தான் என்றாள். மகள் பன்னிரண்டு வயது, பள்ளிக்குத் தானே பூட்டிக்கொண்டு போய்வருவாள். மறுநாள் காலை சட்டை மூட்டையோடு முன்சீட்டில் ஏறினாள்.

வண்டியில் வருகிறவர்கள் மூன்று பேர். முதலில் ஏறுவது கண்ணாடியம்மா. கணக்குப் பிரிவில் பெரிய வேலை, மூக்கின் நுனியில் கண்ணாடி. அடுத்தது போன்காரர், ஏறும்போது பேச ஆரம்பித்து இறங்கும்போதும் பேசிக்கொண்டே இறங்குவார். கடைசியாகத் தூக்கக்காரர். முன்சீட்டு அதுவரை அவருடையதாக இருந்தது. அதைப் பறிகொடுத்த பிறகு பின்சீட்டில் போன்காரரின் தோளில் சாய்ந்து தூங்கினார். போன்காரர் பேச்சை நிறுத்தாமலே அவர் தலையை அவ்வப்போது நிமிர்த்திவிடுவார்.

"வீட்டுக்காரம்மாங்க. கொஞ்ச நாளைக்கு வருவாங்க," என்று மட்டும் அவன் சொன்னான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பினால் கேட் வரை அவன் எஞ்சினை நிறுத்துவதே இல்லை. ஆள் ஏறும்போதும் உறுமிக்கொண்டே நிற்கும். வழியில் வண்டி அணைந்துவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பில், ஒவ்வொரு சிக்னலிலும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பச்சை விழுந்த பிறகுதான் அவளும் ஊசியை மறுபடி எடுப்பாள்.

கேட்டில் தப்ப முடியாது. எஞ்சினை நிறுத்த வேண்டும், பானட்டைத் திறக்க வேண்டும், வாட்ச்மேன் நீளக் கம்பியில் கட்டிய கண்ணாடியை வண்டிக்கு அடியில் விட்டுப் பார்ப்பார். வந்தவர்கள் அங்கேயே இறங்கி, அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே நடந்துவிடுவார்கள். அதன் பிறகு வண்டியை மறுபடி எடுத்து நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதல் நாள் அவள் இறங்கி, திறந்திருந்த பானட்டுக்குள் ஸ்பேனரோடு குனிந்தபோது வாட்ச்மேன் பதறிப்போனார்.

"ஏம்மா, யாரு நீ? மெக்கானிக்கா?"

"மெக்கானிக்க கட்டியிருந்தா எனக்கு ஏண்ணே இந்த வேல? டிரைவர கட்டித் தொலச்சுட்டேன்." பிறகு திரும்பாமலே கத்தினாள், "ஒண்ணு, ரெண்டு, மூணு!"

மூன்றாவது தட்டில் வண்டி எடுத்தது. வாட்ச்மேன் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார், பின்னால் நின்ற வண்டி வரிசையைப் பார்த்தார்.

"உன்ன எழுதினா நான் மேல போன் பண்ணணும். மேல போன் பண்ணா உங்க வண்டிய திருப்பி அனுப்பணும். பின்னால இருபது வண்டி நிக்குது. போங்க, போங்க." நோட்டில் ஆள் ஒன்று, டிரைவர் மட்டும் என்று எழுதினார். அதற்குப் பிறகு தினமும் ஒன்று என்றே எழுதினார். நான்காம் நாள் காக்கிச் சட்டையின் தோள்பட்டைப் பட்டனை அவளிடம் நீட்டவும் தயங்கவில்லை.

வண்டிகள் நிற்குமிடத்தில் மருந்துக்கும் நிழல் கிடையாது. நாலு கதவையும் திறந்துவைத்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள் தைப்பாள். வாடகை வண்டியில் குடும்பம் நடத்துகிறான் என்று மற்ற டிரைவர்கள் கேலி பேசினார்கள். அவன் சிரித்துவைத்தான். ஆனால் ஆபீஸ் பக்கம் இருந்து யாராவது நடந்து வந்தால் உடனே "சீட்ட சாய்ச்சுப் படுத்துக்க" என்பான். அவள் சட்டைகளை மேலே போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். ஆள் போன பிறகு எழுந்து, வாயில் கடித்திருந்த ஊசியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தைப்பாள்.

மணிக்கட்டு வீங்கிக்கொண்டே வந்தது. முதலில் நாற்பது சட்டை முடித்தவள் இப்போது இருபத்தைந்தில் நிறுத்தினாள். கூலியும் அந்த அளவுக்குக் குறைந்தது.

ஆறு தட்டு தட்டிய அந்தக் காலையில் கண்ணாடியம்மா ஏறும்போது கதவுக் கைப்பிடியில் மாட்டிச் சட்டைக் கைப் பட்டன் தெறித்துப் போயிற்று. "ஐயோ, இன்னிக்குன்னு பாத்து மீட்டிங்," என்றார்.

"கைய இங்க நீட்டுங்கம்மா," என்று இவள் முன்சீட்டிலிருந்து திரும்பினாள். வண்டி குலுங்கக் குலுங்க, ஒரு தடவைகூடத் தோலில் குத்தாமல், தன் மூட்டையிலிருந்தே அதே நிறத்தில் ஒரு பட்டனை எடுத்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்தாள்.

கண்ணாடியம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு குடுக்கணும்?"

"ஒரு பட்டனுக்கா? விடுங்கம்மா."

"அப்படியெல்லாம் சும்மா வாங்கிக்க மாட்டேன். வேற ஏதாவது கேளுங்க."

அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வண்டி எப்படி, டிரைவர் எப்படி என்று ஊழியர்கள் போனிலேயே எழுதியனுப்பும் படிவம் ஒன்று மாதக் கடைசியில் வரும் என்று அவன் சொல்லி அவளுக்குத் தெரியும். அது நன்றாக இருந்தால் பில் சீக்கிரம் நகரும் என்று டிரைவர்களுக்குள் ஒரு பேச்சும் உண்டு.

"அந்த ஃபார்ம்ல இவரப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுதுங்கம்மா. அது போதும்."

"இதென்ன பெரிய விஷயம்! இன்னிக்கே எழுதிடறேன்," என்றார் கண்ணாடியம்மா. அது வியாழக்கிழமை, மாதத்தின் கடைசி வாரம்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவன் போனில் பணம் வந்த செய்தி வந்தது. ஒரு மாதத்துக்கல்ல, இரண்டு மாதத்துக்கும் சேர்த்து. இரண்டு லேட் மார்க்குக்கும் கொஞ்சம் பிடித்திருந்தார்கள், போகட்டும். அவன் செய்தியை மூன்று தடவை படித்துவிட்டு அவளிடம் நீட்டினான். கையில் ஊசி இருப்பதை மறந்து அவள் கையைத் தட்டினாள்.

"பாத்தீங்களா? நாலு வார்த்த எழுதினது எப்படி வேல செய்யுது பாருங்க. வாய் விட்டுக் கேட்டாத்தான் கிடைக்கும். நீங்க கண்ணாடி ஓட்டைக்கு முன்னால குனிஞ்சு நின்னுட்டு வருவீங்க, அவ்வளவுதான்."

"சரி, நீதான் கெட்டிக்காரி," என்றான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவனுக்குப் பசித்தது.

அன்று மாலை கணக்குப் போட்டார்கள். இரண்டு மாத வீட்டு வாடகை பாக்கி, கடன் தவணை, பள்ளிக் கட்டணம். எட்டாயிரத்து ஐநூறு மோட்டாரைப் போட்டால் எல்லாவற்றையும் ஓரளவு சமாளிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"புதுசே போடுங்க," என்றாள் அவள்.

"அஞ்சாயிரத்து ஐநூறு அதிகம். வீட்டுக்காரர் வந்து வாசல்ல நிப்பாரு."

"நின்னா நான் பேசிக்கறேன். அந்தப் பழசு மூணு மாசத்துல மக்கர் பண்ணுச்சுன்னா?" வீங்கிய கையை அவன் முன்னால் வைத்தாள். "இன்னொரு தடவ என்னால தட்ட முடியாதுங்க. நிஜமா முடியாது."

அவன் போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெக்கானிக் ஷெட்டில் கழிந்தது. செலவு மோட்டாரோடு போகவில்லை, ஒயர் ஒன்று வெந்திருந்தது, பேட்டரியும் இத்தனை நாள் பட்ட பாட்டில் பாதி செத்திருந்தது. அதையும் மாற்றாமல் புது மோட்டாரை மாட்ட மாட்டேன் என்று மெக்கானிக் பிடிவாதம் பிடித்தார். எல்லாமாக இருபதாயிரத்தைத் தாண்டியது. வாடகைக்கு என்று எடுத்துவைத்ததும் அதில் போயிற்று. நோட்டுகளை இரண்டு தடவை எண்ணித்தான் அவன் கொடுத்தான். ஆனால் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சட்டென்று எழுந்தபோது, உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது அவனுக்கு.

"நிறுத்திட்டு இன்னொரு தடவ போடுங்க," என்றாள் அவள். போட்டான். "இன்னொரு தடவ." ஐந்து தடவை கேட்டாள்.

"போதும்மா, புது மோட்டார இன்னிக்கே தேச்சுடாத," என்று மெக்கானிக் சிரித்தார்.

பழைய மோட்டாரைச் செய்தித்தாளில் சுற்றி அவள் காலடியில் வைத்தார். எடைக்குப் போட்டால் நூறோ இருநூறோ தேறும் என்றார். அதன் உச்சியில், அவள் தட்டித் தட்டி, ஒரு ரூபாய் அளவுக்குப் பெயிண்ட் போய் இரும்பு பளபளத்தது.

திங்கட்கிழமை அவள் வீட்டில் இருந்தாள். அவன் தனியாக ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பு. வண்டி கிளம்புவதை வாசலில் நின்று பார்த்துவிட்டு அவள் உள்ளே போனாள். வழியில் ஒவ்வொரு இடத்திலும் ஆள் ஏறும்போது எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி எடுத்தான். தூக்கக்காரர் தன் முன்சீட்டைத் திரும்பப் பெற்ற சந்தோஷத்தில் அன்று சிறிது நேரம் விழித்துக்கூட இருந்தார்.

"வீட்டுக்காரம்மா எங்க?" என்று கேட்டார் கண்ணாடியம்மா. "அவங்க சொன்ன மாதிரியே எழுதிட்டேன். நாலு வார்த்தைக்கு மேலயே எழுதிட்டேன், சொல்லுங்க."

"சொல்றேம்மா. ரொம்ப நன்றிம்மா. பணம் வந்துடுச்சு," என்றான் அவன், மனதாரச் சொன்னான்.

கேட்டில் மூன்று பேரும் இறங்கிப் போனார்கள். அவன் பானட்டைத் திறக்கக் கையை நீட்டினான்.

"பானட் வேண்டாம்," என்றார் வாட்ச்மேன். அவர் கண்ணாடிக் கம்பியை எடுக்கவே இல்லை. "அஞ்சுநிமிஷம், ஆபீஸ்ல உன்ன வரச் சொன்னாங்க. வண்டி இங்கயே நிக்கட்டும்."

கிளார்க் துவாரத்துக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் திரையிலிருந்து வாசித்தார்.

"'ஓட்டுநரும் அவர் மனைவியும் மிகவும் அன்பானவர்கள். பன்னிரண்டு நாளும் இருவரும் சேர்ந்து வந்து நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இருவருக்கும் என் நன்றி.'" நிமிர்ந்தார். "இது உன் வண்டிதானே?"

"ஆமா சார். நல்லாத்தானே எழுதியிருக்காங்க."

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. பன்னெண்டு நாளா வெளியாள் ஒருத்தங்க கம்பெனிக்குள்ள வந்து போயிருக்காங்கன்னு எழுதியிருக்காங்க. கேட் நோட்டுல ஆள் ஒண்ணுன்னு இருக்கு. மேலயிருந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"சார், செல்ஃப் போயிடுச்சு, தட்டுறதுக்குத்தான் அவ... நான் உங்ககிட்டயே சொன்னேனே சார். இப்ப புதுசு போட்டாச்சு சார். இனிமே வர மாட்டா. லேட்டும் ஆகாது."

"நீ லேட்டுன்னு யாரும் சொல்லல. வெள்ளிக்கிழமையே உன் வண்டிய லிஸ்ட்லயிருந்து எடுத்தாச்சு. ஆர்டர் என் கைக்கு இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு." கிளார்க் ஒரு தாளைத் துவாரத்தின் வழியே தள்ளினார். "அதனாலதானே பழைய பாக்கி மொத்தத்தையும் சனிக்கிழமையே கணக்கு முடிச்சு அனுப்பினாங்க. இல்லாட்டி இவ்வளவு சீக்கிரம் வருமா? கையெழுத்துப் போடு."

அவன் தாளைப் பார்த்தான். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தன. கையெழுத்துப் போட்ட பிறகும் பேனாவைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றாமல் நின்றான். பின்னால் நின்ற வேறொரு டிரைவர் அதை அவன் விரல்களிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டார்.

அவன் திரும்பி வந்தபோது வாட்ச்மேன் ஒரு பிளேடை வைத்துக்கொண்டு வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு மூலை கிளம்பி, மறு மூலை வர மறுத்தது.

"எனக்கும் மெமோ குடுத்துட்டாங்கப்பா," என்றார் அவன் முகத்தைப் பார்க்காமல். "மூணு நாள் சம்பளம் கட். கோவிச்சுக்காத, இத நாந்தான் எடுக்கணுமாம்."

அவன் உள்ளே ஏறி உட்கார்ந்தான். போன் அடித்தது. அவள்தான்.

"கேட்டுல எஞ்சின நிறுத்திட்டு எடுத்தீங்களா? எனக்கு இங்க இருப்பே கொள்ளல. கேட்டுக்கு வந்தாலே அதுக்குக் கிறுக்குப் பிடிக்குமே."

"இன்னும் எடுக்கல. இப்பதான் எடுக்கப் போறேன்."

"போன வெச்சுடாதீங்க. அந்தச் சத்தத்த நான் கேக்கணும். பக்கத்துல பிடிங்க."

அவன் போனை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பிடித்தான். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தன. கண்ணாடிக்கு வெளியே வாட்ச்மேன் ஸ்டிக்கரின் கடைசித் துண்டை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லட்டுமா?" என்றது போனுக்குள் இருந்து அவள் குரல், சிரிப்போடு. "ஒண்ணு, ரெண்டு, மூணு."

சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பில் எஞ்சின் எழுந்தது.

"கேட்டுச்சு! கேட்டுச்சுங்க!" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாட்ச்மேன் ஸ்டிக்கரை உருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய், வெளியே போகிற பக்கத்துத் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார்.